இரண்டாயிரத்துக்குள் இயர்போன்: ஐந்து டிரைவரா, ஒத்தை டிரைவரா?

கேள்வி, 2 ஜூன் 2024, காலை 9.20

கடலூரிலிருந்து பாண்டிக்குத் தினம் பஸ்ஸில் போய்வருகிறேன். இரண்டாயிரத்துக்குள் ஒயர் வைத்த இயர்போன் வேண்டும். கடைக்காரர் பக்கத்துக்கு ஐந்து டிரைவர் (சத்தம் எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) போட்ட ஒன்றைக் காட்டி, "ஒத்தை டிரைவர்லாம் அந்தக் காலம் தம்பி" என்கிறார். டிரைவர் கூடக் கூடத் தெளிவும் கூடும் என்பதுதானே நியாயம்? இல்லை என்கிறவர்கள் காரணம் சொல்லுங்கள்.

2 ஜூன், இரவு 10.15

நியாயமில்லை தம்பி.

கல்யாண மண்டபத்தில் அடிச்சத்தத்துக்கு ஒரு பெட்டி, மேல்சத்தத்துக்கு ஒரு பெட்டி என்று வைப்பது அங்கே அசைக்க வேண்டிய காற்று ஏராளம் என்பதால். காதுத் துவாரம் இரண்டரை சென்டிமீட்டர் நீளம் இருந்தால் அதிகம். அதில் ஒரு பகுதியை இயர்போன் முனையில் மாட்டியிருக்கும் ரப்பர் டிப் அடைத்துக்கொள்கிறது. மிச்சம் இருக்கிற துளிக் காற்றை ஆட்டுவதற்கு 10 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் (காந்தமும் கம்பிச்சுருளும் சவ்வை ஆட்டுகிற சாதாரண வகை) ஒன்று தாராளம். டிப் சரியாக அடைத்திருந்தால் 20 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும்.

ஐந்து டிரைவர் என்றால் ஐந்துக்கும் வேலையைப் பிரித்துக்கொடுக்க கிராஸ்ஓவர் வேண்டும். ஒன்று விடுகிற இடத்தில் அடுத்தது பிடிக்க வேண்டும், பிடிக்கிற இடத்தில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளக் கூடாது. இதை அழகாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கான விலையும் வாங்குகிறார்கள். இரண்டாயிரத்தை ஐந்தாலும், பிறகு இரண்டு பக்கத்தாலும் வகுத்துப் பாருங்கள்.

என்னிடம் நான்கு இருக்கின்றன. மூன்டிராப் சூ 2, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஸீரோ, டாங்சூ வானர், கேஇஸட் இடிஎக்ஸ் ப்ரோ. நான்குமே பக்கத்துக்கு ஒற்றை டைனமிக் டிரைவர்தான், ஆனால் ஒன்றைப்போல இன்னொன்று கேட்காது. இடிஎக்ஸ் ப்ரோவில் அடியும் நுனியும் தூக்கல், நடுவில் பள்ளம்; பாடகர் வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார். சால்நோட்ஸில் குரல் முன்னால் வருகிறது, பேஸ் இருக்கிறது, ஆனால் ஆர்ப்பாட்டம் இல்லை. சூ 2 பழைய சூவைவிட அடியில் கனம், மேலே இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது. வானரில் மேல்சத்தம் மிருது, ஆண் குரலுக்குக் கொஞ்சம் சதை பிடித்த மாதிரி இருக்கும். எல்லாம் டியூனிங், அதாவது எந்தச் சத்தத்தை எவ்வளவு தூக்குவது என்ற அமைப்பு, செய்கிற வேலை.

3 ஜூன், காலை 7.40, பஸ்ஸில்

"எது எப்படியோ, கடையில் மாற்றி மாற்றிக் கேட்டேன், ஐந்து டிரைவர்தான் நன்றாக இருந்தது" என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். வால்யூமைத் தொட்டீர்களா? தொட்டிருக்க மாட்டீர்கள். யாரும் தொடுவதில்லை.

ஒரே ஃபோன், ஒரே வால்யூம் கட்டையில் இரண்டு இயர்போன் ஒரே சத்தம் தராது. சென்சிட்டிவிட்டி, அதாவது அதே மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒன்று மற்றதைவிட ஒன்றிரண்டு டெசிபல் தூக்கலாக இருந்தால் "சத்தம் அதிகம்" என்று மனதில் படாது, "தெளிவு அதிகம்", "பேஸ் நிறைய" என்றுதான் படும். சத்தம் குறையும்போது நம் காதுக்கு அடிச்சத்தம்தான் முதலில் மங்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே வளைகோடு போட்டுக் காட்டிய விஷயம் இது. கடைக்காரர்கள் அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை, ஆனால் எதை எந்தச் சத்தத்தில் காட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சத்தத்தைச் சமன்செய்யாத ஒப்பீடு எல்லாம் கணக்கில் சேராது. எப்படிச் சமன்செய்வது என்று ராத்திரி எழுதுகிறேன். தவளக்குப்பம் வந்தாச்சு, இனி நிற்க இடம் பார்க்க வேண்டும்.

3 ஜூன், இரவு 11.00

மைக் செட் கடையில் கிடைக்கும் ஒய் ஜாக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஃபோனில் சொருகுவது, மறுபக்கம் இரண்டு இயர்போன் சொருகுவது. 3.5 மில்லிமீட்டர்.

இரண்டு இயர்போனையும் மாட்டுங்கள். முதலாவதின் இடது முனை இடது காதில், இரண்டாவதின் வலது முனை வலது காதில். ஃபோனின் அணுகல்தன்மை (ஆக்சசிபிலிட்டி) அமைப்பில், இரண்டு காதுக்கும் ஒரே சத்தத்தை அனுப்பும் 'மோனோ ஆடியோ' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போடுங்கள். யாராவது பேசுகிற பதிவை ஓடவிடுங்கள். செய்தி வாசிப்பு உத்தமம். இப்போது குரல் தலைக்குள் எங்கே நிற்கிறது? நடு நெற்றியில் நிற்காது. எந்த இயர்போன் உரக்கக் கேட்கிறதோ அந்தக் காதுப் பக்கம் சாய்ந்து நிற்கும். அதே அமைப்பில் இடது வலது பேலன்ஸ் என்று ஒரு கோடு இருக்கும்; அதை மெல்ல நகர்த்துங்கள். குரல் காதோரத்திலிருந்து கன்னம், கன்னத்திலிருந்து மூக்கு என்று நகர்ந்து வருவது துல்லியமாகத் தெரியும். நடுவில் வந்து நின்றதும் நிறுத்துங்கள். பேலன்ஸ் கோடு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு வித்தியாசம் இரண்டுக்கும்.

இதற்குப் பிறகு தனித்தனியாக இரண்டு காதிலும் போட்டுக் கேட்கும்போது அந்த அளவுக்கு வால்யூமை ஏற்றி இறக்கிக்கொண்டு கேளுங்கள். முதல் தடவை செய்தபோது எனக்குச் சூ 2க்கும் வானருக்கும் இருந்ததாக நினைத்திருந்த பெரிய இடைவெளியில் பாதி காணாமல் போனது. மிச்சப் பாதி நிஜம்.

4 ஜூன், இரவு

லாஸ்பேட்டை சார் ஒருவர், "உங்கள் இரண்டு காதும் சமம் என்று யார் சொன்னது?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. முனைகளைப் பக்கம் மாற்றி இன்னொரு முறை செய்துவிட்டு, இரண்டு முறைக்கும் சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் பார்த்தாலும் குரல் எப்போதும் ஒரே காதுப் பக்கமே சாய்ந்தால் இயர்போனை விட்டுவிட்டு அந்தக் காதைக் காட்ட டாக்டரிடம் போங்கள். பாதி சமயம் அது வெறும் அழுக்காகத்தான் இருக்கும்.

9 ஜூன், ஞாயிறு, மாலை

மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தைக்குப் போயிருந்தேன். கைலிக்கும் செருப்புக்கும் நடுவே தரையில் தார்ப்பாய் விரித்து இயர்போன் குவித்து வைத்திருக்கிறார்கள். நூறு, நூற்றைம்பது. பெரிய பெரிய கம்பெனிகளின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். சும்மா ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தேன். அட்டையில் "எக்ஸ்ட்ரா பேஸ்", உள்ளே தகர டப்பா. பேரம் பேசாமலே எண்பதுக்குத் தருகிறேன் என்றார் கடைக்காரப் பையன்.

சந்தையோ நேரு வீதிக் கடையோ, இயர்போன் போட்டுப் பார்க்கப் போகிறவர்கள் சொந்த ரப்பர் டிப் ஒரு ஜோடி சட்டைப்பையில் கொண்டுபோங்கள். கடையில் இருப்பது எத்தனை பேர் காதுக்குள் போய் வந்தது என்று யோசித்தால் சாப்பாடு இறங்காது. சுத்தம் ஒரு காரணம். உங்கள் காதுக்குச் சேராத டிப்பில் கேட்டு முடிவெடுப்பது அதைவிடப் பெரிய நஷ்டம்.

11 ஜூன், இரவு

டிப் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இந்த இழையில் ஒரு விஷயத்தை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

காதுக்குள் சொருகும் இயர்போனின் பேஸ் முழுக்க அடைப்பில் இருக்கிறது. ஊசிக்கண் அளவு இடைவெளி இருந்தால் போதும், அடிச்சத்தம் அந்த வழியாகக் கசிந்துவிடும். சைக்கிள் ட்யூப்பில் பொடி பஞ்சர் மாதிரிதான், எவ்வளவு அடித்தாலும் நிற்காது. "சூவில் பேஸே இல்லை" என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு டிப் சைஸ் தப்பு.

சோதிக்க ஒரு வழி. பேஸ் கிடார் தொடர்ந்து ஓடும் பாட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டு முனையையும் விரலால் இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் கூடினால் அடைப்பு போதவில்லை. மாற்றமே இல்லை என்றால் சரி. பிறகு வாயைத் திறந்து மூடுங்கள், பல்லைக் கடியுங்கள். தாடை அசையும்போது துவாரத்தின் வடிவமே மாறும்; அப்போதும் நிற்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு இடது காதில் நடுத்தரம், வலது காதில் பெரியது. டப்பாவில் ஜோடி ஜோடியாகத்தான் வருகிறது என்பதற்காகக் காதும் ஜோடியாக இருக்க வேண்டும் என்று இல்லை. வாங்கும்போது காதை மேல்நோக்கிப் பின்னால் இழுத்து, துவாரம் நேராகும்போது சொருகிப் பாருங்கள். நுரை டிப் அடைப்புக்கு நல்லது, வெளிச்சத்தமும் குறையும், ஆனால் மேல்சத்தத்தைக் கொஞ்சம் குடித்துவிடும். பளிச்சென்று இருக்கிற சூவுக்கு அதுவே வரம். வானருக்குப் போட்டால் போர்வைக்குள் பாட்டு.

இன்னும் ஆழமாகச் செல்லும் மூன்றடுக்கு டிப் எடிமோடிக் கம்பெனியின் இஆர்-4 காலத்திலிருந்தே இருக்கிறது. 1991. அதை முதல் தடவை போடுகிறவர்கள் முகம் சுளிப்பதை ரசிக்கலாம்.

12 ஜூன், காலை

"போர்வைக்குள் பாட்டு" என்பதற்கு வானர் ரசிகர் ஒருவர் கோபித்துக்கொண்டார். நுரை டிப் போட்டால் என்றுதான் எழுதியிருக்கிறேன் அண்ணே. அதனோடு வரும் ரப்பர் டிப்போடு அது எனக்கும் பிடிக்கும். ராத்திரி படுத்துக்கொண்டு கேட்க அதைத்தான் எடுக்கிறேன்.

16 ஜூன், இரவு 9.30

அடுத்தது நாதஸ்வரம். இங்கே பலர் இங்கிலீஷ் விமர்சனங்களில் சொல்கிற கிடார், டிரம்ஸ் வைத்தே ஒப்பிடுகிறார்கள். நமக்கு நேரில் கேட்டுப் பழகிய சத்தத்தை வைத்துத்தானே பொய் எது நிஜம் எது என்று பிடிக்க முடியும்? திருப்பாப்புலியூரில் பாடலீஸ்வரர் கோவில் உற்சவத்தில் நாதஸ்வரத்துக்கு ஐந்தடி தள்ளி நின்று கேட்ட காது எனக்கு. தவிலுக்கு மூன்றடி.

நாதஸ்வரத்தின் ஊது முனையான சீவாளியிலிருந்து வருகிற சத்தத்தில் கார்வைக்கு மேலே ஒரு கரகரப்பு உண்டு. மேலே சொன்ன நால்வரில் சூ 2 அந்தக் கரகரப்பைக் கொஞ்சம் அதிகமாகவே காட்டுகிறது. மேல் ஸ்தாயியில் நீண்டு நிற்கும்போது காதைக் கிள்ளுகிறது. சால்நோட்ஸில் கரகரப்பு இருக்கிறது, கிள்ளல் இல்லை. இடிஎக்ஸ் ப்ரோவில் நாதஸ்வரம் மெலிந்துபோய் தவில் மட்டும் முன்னால் வருகிறது. நேரில் கேட்டதற்கு மிக அருகில் வருவது சால்நோட்ஸ் என்பேன். வானரில் ஒரு குழைவு வருகிறது, கேட்க இதம்தான், ஆனால் சன்னதித் தெருவில் நான் கேட்ட வாத்தியம் அவ்வளவு மரியாதையாக வாசித்ததில்லை.

(நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் கடைவார்கள். இயர்போனுக்குச் சம்பந்தமில்லை, தெரிந்துகொள்ளுங்கள்.)

மிருதங்கத்துக்கு அதன் வலது பக்கமான வலந்தலையைக் கேளுங்கள். சாதாரணத் தோல் பறையில் உபசுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் சுரங்கள்) ஒழுங்கில்லாமல் வரும், சுருதி நிற்காது. மிருதங்கத்தில் நடுவே அப்பியிருக்கும் கருப்புச் சாதத்தின் பாரம் அவற்றை வரிசைப்படுத்திவிடுகிறது என்பதை சி.வி. ராமன் 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். அதனால்தான் வலந்தலை அடியில் சுருதி கேட்கிறது. பேஸ் தூக்கலான இயர்போனில் தொப்பியின் (இடது பக்கத்தின்) கும்கி, அதாவது 'கும்'மென்ற சத்தம், வழிந்து வந்து வலந்தலையின் அந்தச் சுருதியை மூடும். வலந்தலை 'ணம்' என்று ஒரு சுரமாகக் கேட்கிறதா, வெறும் 'டக்'கா? நால்வரையும் பிரிக்க எனக்கு இது ஒன்றே போதும்.

தம்புராவும் வைத்துப் பார்த்தேன். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் செருகிய நூல்தான் அந்த ரீங்காரத்தைக் கொண்டுவருகிறது. கச்சேரிப் பதிவில் ஆரம்பத்தில் தம்புரா தனியே ஓடும் சில விநாடிகளில் எல்லா இயர்போனும் தன் ஜாதகத்தை ஒப்பித்துவிடும்.

17 ஜூன்

"சினிமாப் பாட்டு மட்டும் கேட்கிறவன் என்ன செய்ய?" எண்பதுகளின் பாட்டு என்றால் நாடா இரைச்சலைக் கவனியுங்கள். பாட்டு தொடங்கும் முன் 'ஸ்ஸ்' என்று ஓடுமே, அது சூவில் தெளிவாகவும் வானரில் மெல்லிசாகவும் இருக்கும். அதற்கும் முந்திய பாட்டெல்லாம் பெரும்பாலும் மோனோ. அதைப் போட்டுவிட்டு "மேடை விரிவாக இருக்கிறது" (வாத்தியங்கள் இடவலமாகப் பரந்து நிற்கின்றன) என்று எழுதாதீர்கள், ஒருவர் எழுதியிருக்கிறார்.

23 ஜூன், இரவு 10.50

பஸ்ஸுக்கு வருவோம். இடிஎக்ஸ் ப்ரோவைப் பற்றி முதல் நாள் எழுதியது வீட்டில் கேட்பதற்கு. பஸ்ஸில் கதை வேறு.

ரப்பர் டிப் அடைக்கிற வெளிச்சத்தம் பெரும்பாலும் நடுவிலும் மேலேயும் உள்ளது. பேச்சு, ஹாரன், பஸ்காரர் போடுகிற பாட்டின் ஜிங்சா. இன்ஜினின் 'ம்ம்ம்' என்கிற அடி இரைச்சல் டிப்பைத் தாண்டி வந்துவிடும். வந்து அதே அலைவரிசையில் இருக்கிற பாட்டின் பேஸை மூடிவிடும். ரெட்டிச்சாவடி தாண்டி வண்டி வேகம் பிடிக்கும்போது சால்நோட்ஸில் பேஸ் கிடாரே இல்லாத பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கிருமாம்பாக்கத்தில் ஒரு நாள் முன்னால் ஏதோ ஊர்வலம், டிரைவர் இன்ஜினை அணைத்தார். ஜன்னல் கண்ணாடியின் கடகடப்பு நின்றது. அதே வரியின் நடுவில் பேஸ் கிடார் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்தது. வண்டியைக் கிளப்பினார், போய்விட்டது. நான் வால்யூமைத் தொடவே இல்லை.

அதனால் வீட்டில் "அடி தூக்கல்" என்று நான் ஒதுக்கிய அந்த இடிஎக்ஸ் ப்ரோவின் கூடுதல் பேஸ், பஸ்ஸில் இன்ஜினுக்குக் கட்டுகிற கப்பமாகப் போய்விடுகிறது. மிச்சம் கேட்பது ஏறக்குறைய சமமாக இருக்கிறது. விலையும் சூவில் பாதிகூட இல்லை, தொலைந்தால் வயிறு எரியாது. பஸ்ஸுக்கு மட்டும் என்றால் இப்போது அதையே சொல்வேன். மொட்டை மாடியில் ராத்திரிக் கேட்க என்றால் சால்நோட்ஸ்.

இரண்டுக்கும் ஒன்றே வேண்டும் என்றால் சூ 2 வாங்கி, பஸ்ஸில் மட்டும், சத்தத்தைப் பகுதி பகுதியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே நான்கு டெசிபல் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றும்போது அதிலேயே ப்ரீஆம்பை (மொத்தச் சத்த அளவை) அதே நான்கு டெசிபல் இறக்க வேண்டும், இல்லையென்றால் உரத்த இடங்களில் கிழியும். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்று ஒரு செயலி இருக்கிறது. இயர்போன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் அதுவே திருத்திக்கொடுக்கும்.

24 ஜூன்

நெல்லிக்குப்பம் நண்பர்: "பேஸ் கேட்கவில்லை என்றால் வால்யூமை ஏற்றினால் போச்சு, ஏன் இவ்வளவு பாடு?"

ஏற்றலாம். பேஸோடு சேர்ந்து மேல்சத்தமும் ஏறும், அதுதான் காதை அரிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற கணக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5. போகவர தினமும் இரண்டரை மணி பஸ்ஸில் இருக்கிறவர் 89இல் கேட்டால் செவ்வாய்க்கிழமையோடு அவருடைய வாரம் முடிந்தது.

30 ஜூன், ஞாயிறு

இயர்போன் எந்தச் சத்தத்தை எவ்வளவு தருகிறது என்று காட்டும் கிராஃபைப் பார்க்கத் தெரியவில்லை என்று மூன்று பேர்.

ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிற மேடு. திறந்த காதுத் துவாரம் ஒரு பக்கம் மூடிய குழாய். இரண்டரை சென்டிமீட்டர் குழாய் சுமார் 3400 ஹெர்ட்ஸில் ஒத்ததிர வேண்டும். காதுமடலும் சேர்ந்து நிஜத்தில் 3000 பக்கம் வரும். அதாவது எந்த மனிதக் காதும் அந்த இடத்தை இயல்பாகவே தூக்கித்தான் கேட்கிறது. இயர்போனைச் சொருகித் துவாரத்தை அடைத்ததும் அந்த ஒத்ததிர்வு கெட்டுவிடுகிறது. அதனால் இயர்போன் அந்த மேட்டைத் தானே போட்டுத்தர வேண்டும். எவ்வளவு போட வேண்டும் என்பதில்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி. ஆடியோ கம்பெனியான ஹார்மனின் ஆய்வகத்தில் ஷான் ஆலிவ் குழு ஆட்களை உட்கார வைத்துக் கேட்கச்சொல்லி வரைந்த கோடு ஒரு கட்சி. நம் பழைய பெண் குரல்களுக்கு அந்த மேடு எனக்குக் கொஞ்சம் அதிகம்.

எங்கள் அப்பா மைக் செட் வைத்திருந்தார். கூம்பு ஒலிபெருக்கியும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் உறுமும்; அதனால்தான் மூன்று தெரு தள்ளியும் பேச்சு புரியும். பெண் குரல் பாட்டு வந்தால் அப்பா எழுந்துபோய் ஆம்ப்ளிஃபையரில் ட்ரெபிள் குமிழை இடப்பக்கம் திருகிவிட்டு வருவார். ஆண் குரல் வந்ததும் மறுபடி திருகுவார். கிராஃப் எதுவும் அவர் பார்த்ததில்லை. மார்கழி முழுக்க விடியற்காலையில் அந்த வேலையை எனக்குக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவார் என்பது தனிக்கதை.

கிராஃபில் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நிற்கிற கூர்மையான கொம்பைக் கண்டு பயப்பட வேண்டாம். அளக்கிற கருவியின் குழாய்க்குள் இயர்போனை எவ்வளவு ஆழம் சொருகினார்கள் என்பதைப் பொறுத்து அது நகரும். உங்கள் காதில் வேறு இடத்தில் நிற்கும்.

7 ஜூலை

டப்பாவில் "40 கிலோஹெர்ட்ஸ் வரை" என்று போட்டிருக்கிறதே என்கிறீர்கள். உயர்தர ஒலி என்று சொல்லும் தங்க நிற ஹை-ரெஸ் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமானால் 40 காட்ட வேண்டும் என்பது ஜப்பான் ஆடியோ சங்கத்தின் விதி. நமக்குக் கேட்பது 20 வரை, அதுவும் சின்ன வயதில். நேற்று வீட்டில் டோன் போட்டுப் பார்த்தோம். 14க்கு மேல் எனக்கு நிசப்தம். என் மகள் 16இல் காதைப் பொத்திக்கொண்டு "நிறுத்துப்பா" என்கிறாள், நான் வெறும் காற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆகவே நான் "மேல்சத்தம் இதம்" என்று எழுதினால் என் வயதையும் சேர்த்துப் படியுங்கள். அவளுக்குச் சூ 2 ஆகவே ஆகாது. எனக்குப் பளிச், அவளுக்கு ஊசி.

எஃப்எம் வானொலியே 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். புதுச்சேரி வானொலி கேட்டு வளர்ந்த யாரும் எதையோ இழந்தோம் என்று அழுததில்லை. இன்னொன்று, ஃபோனில் எஃப்எம் இருந்தால் இயர்போன் ஒயர்தான் ஏரியல். ப்ளூடூத்காரர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

14 ஜூலை

இயர்போன் ஜாக் இல்லாத ஃபோன்காரர்களுக்கு: சார்ஜ் துளையில் சொருகி ஜாக் தரும் டைப்-சி டாங்கிள் எண்ணூறு ஆயிரத்துக்குள் போதும். ஆப்பிள் டாங்கிள் அளவில் சின்னது, வேலையில் சுத்தம், ஆனால் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் சத்தம் குறைவாக வரும். வாங்கும் முன் உங்கள் ஃபோனில் சொருகிப் பாருங்கள். இங்கே சொன்ன ஒற்றை டைனமிக் இயர்போன்களுக்குத் தனி ஆம்ப் தேவையே இல்லை. பல டிரைவர் வைத்தவற்றில் சில, எதில் சொருகுகிறோம் என்பதைப் பொறுத்து டியூனிங்கே மாறிவிடும். அவற்றின் இம்பிடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) ஒவ்வொரு அலைவரிசையிலும் வேறு வேறாக இருப்பதால். ஐந்து டிரைவர் தம்பிக்கு இது இன்னொரு காரணம்.

"புது இயர்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால் சத்தம் திறந்துகொள்ளும்" என்று எழுதியவருக்கு: ஓடவிடுங்கள், தப்பில்லை. நூறு மணி நேரத்தில் உங்கள் காது அதற்குப் பழகியிருக்கும். புதுசு ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், பிறகு பேசலாம்.

4 ஆகஸ்ட், இரவு

ஒருவருக்கு வலது பக்கம் மட்டும் சத்தம் மங்கிவிட்டதாம், "டிரைவர் போச்சு" என்கிறார். எனக்கும் ஒன்றில் அப்படி ஆனது, எது என்று வேண்டாம். நம் ஊர் ஆகஸ்ட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது காதுக்குள்ளே வியர்வை. இயர்போனின் மூக்கு முனையில் இருக்கிற வலையில் ஈரமும் அழுக்கும் படிந்து கண் அடைத்துவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: நல்ல பக்கத்தின் வலையில் பொடிப்பொடிக் கண்கள் பளபளக்கும், மங்கிய பக்கத்தில் மேலே மெல்லிய மஞ்சள் ஏடு தெரியும். டிப்பைக் கழற்றி, முனையைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். ராத்திரி சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பியில் மூடி வையுங்கள். காலையில் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். சூ 2இல் முனையே திருகிக் கழற்றி மாற்றுகிற மாதிரி இருக்கிறது, கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அது ஒரு வசதி.

11 ஆகஸ்ட்

ஒயர் பச்சை பிடிப்பது பற்றி. கண்ணாடி மாதிரி தெரிகிற உறை போட்ட ஒயர்களில் செம்பு வியர்வை பட்டுப் பச்சையாவது கண்ணுக்குத் தெரிகிறது. கருப்பு உறையில் அதுவே நடந்தாலும் தெரியாது. சத்தத்துக்கு ஒன்றும் ஆகாது. முனையில் இருக்கிற ஊசி (பின்) பச்சை பிடித்தால்தான் கரகரக்கும். மாற்று ஒயர் வாங்குகிறவர்கள், சூ 2, சால்நோட்ஸ், வானர் மூன்றுக்கும் டூ-பின் (இரண்டு ஊசி) 0.78 மில்லிமீட்டரா என்று பார்த்து வாங்குங்கள். 0.75 என்றும் விற்கிறார்கள், அது இடிஎக்ஸ் ப்ரோவுக்கு; 0.78 துளையில் ஆடும். எம்எம்சிஎக்ஸ் என்று போட்டிருப்பது வேறு வகை முனை, உருண்டையாக இருக்கும், அது இந்த நான்கில் எதற்கும் சேராது. தேவனாம்பட்டினத்துக்காரர் அனுப்பிய படத்தில் இருப்பது எம்எம்சிஎக்ஸ்தான் சார், பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.